ஊரில் இல்லாதவரின் பிறந்தநாள்

அத்தியாயம் 17

தன் கணவர் ஊரில் இல்லை என்று காலைப் பத்திரிகையில் ஹெல்வி படித்தபோது, அந்தக் கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

'கவிஞர், பதிப்பாளர் யால்மரி ஹர்வலா இன்று எழுபது வயதை எட்டுகிறார். வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார்.'

பிறந்தநாள் பத்தியில் இரண்டே வரி.

"யால்மரி, இது என்ன?"

"எது?"

"நீ வெளியூர்ல இருக்கியாமே."

"ஆமா, இருக்கேன். மெதுவாப் பேசு, மாடிப்படி வரைக்கும் கேட்கும்."

ஹெல்வி பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தாள்.

இந்த ஊரில் ஐம்பது, அறுபது, எழுபது வயது என்று வந்துவிட்டால் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும், அடுப்பில் காப்பி கொதிக்கும், வருகிறவர்கள் பூவோடு வந்து, ஒரு நீளமான பேச்சும் பேசிவிட்டு, கேக்கைத் தின்றுவிட்டுப் போவார்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்கிறவர்கள்தான் 'பயணத்தில்' என்று பத்திரிகையில் போடுவது. பயணம் போனவர்களில் பாதிப் பேர் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதற்குப் பெயர் மரியாதை.

யால்மரி ஏன் போட்டார் என்று ஹெல்வி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கடைக்கு ஆள் வராது என்ற சந்தேகம் வந்துவிட்டால், கெட்டிக்கார வியாபாரி முந்திக்கொண்டு 'இன்று விடுமுறை' என்று பலகை மாட்டிவிடுவான். வராதவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு இந்த மூன்றாம் மாடி வீட்டில் நிற்க இடமில்லை. கோட்டுகளைக் குளியல் தொட்டியில் குவித்துப் போட்டார்கள். இந்தத் தாம்பெரே ஊரில் கவிதை எழுதிய, எழுதப்போவதாக மிரட்டிய அத்தனை பேரும் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஹெல்சிங்கியின் பெரிய பதிப்பகங்களுக்கு ரயிலேறிவிட்டார்கள். முதல் பிரசவத்துக்கு மட்டும் வரும் தாய்வீடு மாதிரி ஆகிவிட்டது ஹர்வலா பதிப்பகம். முதல் புத்தகம் இங்கே. இரண்டாவதிலிருந்து எல்லாம் தலைநகரத்தில்.

யால்மரியும் கவிஞர்தான். இருபத்துமூன்று வயதில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஊரே தலையில் தூக்கி வைத்தது. நான்கு வருடம் கழித்து இரண்டாவது. அதே ஊர் மெல்ல இறக்கி வைத்தது. அதற்குப் பிறகு அவர் தன் கவிதையை எழுதவில்லை. நூல் ஆலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் கவிதையை அச்சடிக்கத் தொடங்கினார். அடுத்தவர் சரக்கின் தரம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். சொந்தச் சரக்கைத்தான் எடை போடத் தெரியவில்லை.

பதிப்பகத்தைத் தாங்கியது கவிதை அல்ல. சமையல் புத்தகம், நாள்காட்டி, அப்புறம் மலர்வளைய வரிகள். சாவு வீட்டில் மலர்வளையம் வைக்கிறவர், அதன் நாடாவில் அச்சிட்டிருக்கும் இரண்டு வரியைச் சவப்பெட்டி முன்னால் உரக்கப் படித்தாக வேண்டும். அந்த வட்டாரத்துச் சாவுகளில் பாதிக்கு அந்த வரிகள் யால்மரியுடையவை. கீழே பெயர் இருக்காது. அழுகிறவர்கள் யார் எழுதியது என்று கேட்பதுமில்லை. இத்தனை பேர் வாய்விட்டுப் படித்த கவிஞர் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. அது ஹெல்விக்கும் அச்சுக்கோப்பவர்களுக்கும் மட்டும் தெரிந்த பெருமை.

மகள் சிர்க்காவின் கதை வாசகர்களுக்குத் தெரியும். அவளும் எழுதினாள். அவள் கவிதைகள் பாதியில் நிற்கும்; நின்று, படிக்கிறவரைப் பார்க்கும். யால்மரியின் வியாபாரக் கைக்கு அது பொறுக்கவில்லை. விளிம்பு மடித்துத் தைக்காத துணி மாதிரி இருந்தது. மெய்ப்பு பார்க்கிற சாக்கில் ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு முடிவு எழுதிச் சேர்த்து, அவளிடம் சொல்லாமல் அச்சடித்துவிட்டார். முதல் பிரதியைப் பிரித்துப் பார்த்த சிர்க்கா கத்தவில்லை.

"நான் நிறுத்தின இடத்துல நீங்களும் நின்னிருக்கலாம்பா" என்றாள். அன்றைக்கே ஹெல்சிங்கிக்குப் போனவள் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. அங்கே அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள், தூலி என்று. பல் மருத்துவர், தூரத்து உறவு என்று காரணம் சொல்லிவிட்டு ஹெல்வி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தாத்தா பார்த்ததில்லை.

இன்று பார்ப்பதாக இருந்தது.

போன வாரம் தொலைபேசியில் ஹெல்விதான் மகளை இணங்க வைத்தாள்.

"வர்றேம்மா" என்றாள் சிர்க்கா. "ஆனா அவர்கிட்ட சொல்லாதே. பாதி வழியில எனக்கு மனசு மாறினாலும் மாறும். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அது இன்னொரு சண்டை."

"சொல்லலை. எழுபதாவது பிறந்தநாள்ல எந்த வீட்டுக் கதவும் பூட்டியிருக்காதுடி. நீ பெல் அடி, உள்ளே வா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன வாயை இப்போது என்ன செய்வது? ஹெல்சிங்கி ரயில் புறப்பட்டாகிவிட்டது. அவள் வீட்டுக்குத் தொலைபேசி போட்டும் பயனில்லை. வழியில் தாம்பெரே பத்திரிகை அவள் கண்ணில் படப்போவதுமில்லை.

யால்மரியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஹெல்விக்குத் தன் கணவரைத் தெரியும். சொன்னால் மனிதர் பயத்தில் நிஜமாகவே ஏதாவது பேருந்தில் ஏறிவிடுவார்.

அவள் கோட்டை எடுத்தாள்.

"எங்கே கிளம்பிட்ட?"

"கொஞ்சம் வெளியே."

"வெளியேவா? நாம பயணத்துல இருக்கோம் ஹெல்வி!"

"நீதான் இருக்க. பத்திரிகையில என் பேர் இல்லை."

"நல்லா இருக்கே! எழுபதாவது பிறந்தநாளுக்குப் பொண்டாட்டியை விட்டுட்டு எவகூடப் போனான்னு கேட்பாங்க. கேட்டா சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா உனக்கு அசிங்கம்." அவர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "பின்பக்கப் படியால போ. பெரிய தெருப் பக்கம் மட்டும் போகாதே. என் மானத்தை வாங்கிடாதே."

அவள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு பல நாள் ஹெல்வி தன்னைத்தானே திட்டிக்கொண்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அவர் போட்டது இரண்டு வரிப் பொய்; அதைக் கால்நடையாக ஊருக்குள் சுமந்தது அவள்.

பெரிய தெருவில் நேரே நடந்திருந்தால் நிலையம் கூப்பிடு தூரம். ஹெல்வி முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆலைச் சுவரோரம், விறகுக் கொட்டகைகளுக்கு நடுவே, பாதி பனியும் பாதி மழையுமாகக் கொட்டியதில் வழுக்கி வழுக்கிச் சுற்றிப் போனாள். தெரிந்த முகம் எதிரே வந்தபோதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கையுறையைச் சரிசெய்தாள். நிலையத்தை அடைந்தபோது ரயில் வந்து, காலியாகி, பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடைமேடையில் சிர்க்கா இல்லை. சிற்றுண்டிக் கடையில் இல்லை. மனசு மாறியிருக்கும், அடுத்த ரயிலில் வந்தாலும் வருவாள் என்று ஹெல்வி பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் அதே நேரத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவின் நட்டநடுவே நடந்துகொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அட, பதிப்பாளரம்மா!"

புத்தகக்கடை லெம்பி. ஊரில் அச்சாகும் எதையும்விட வேகமாகச் செய்தி பரப்புகிறவள்.

"நீங்க வெளியூர்ல இருக்கீங்கன்னு இப்பத்தானே படிச்சேன்!"

"இருந்தோம்" என்றாள் ஹெல்வி. "இப்பத்தான் வந்து இறங்கினோம்."

லெம்பியின் கண்கள் பெட்டியைத் தேடின. பெட்டி இல்லை. கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்த சமையல் ஏப்ரனைத்தான் பார்த்தன.

"பெட்டியெல்லாம்?"

"அவர் முன்னாடி எடுத்துட்டுப் போயிட்டார்."

"எழுபது வயசுல பெட்டி தூக்குறாரா! எங்க வீட்டுக்காரர் அறுபதுல செய்தித்தாளையே என்கிட்ட கொடுத்துத் தூக்கச் சொல்றார். எங்கே போயிருந்தீங்க?"

"வடக்கே."

"நவம்பர்லயா?"

"கூட்டம் இருக்காதுன்னு..."

"இருக்காது, இருக்காது. கரடிகூடத் தூங்கிப்போயிருக்கும்." லெம்பி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "நல்ல வேளை, நேரத்துக்கு வந்துட்டீங்க!" என்று சொல்லிவிட்டு, என்ன நேரத்துக்கு என்று சொல்லாமல் போனாள்.

அடுத்த ரயிலும் வந்தது. அதிலும் இல்லை. ஹெல்வி வீட்டுக்குத் திரும்பினாள். இந்தத் தடவை பெரிய தெரு வழியாகவே.

வீடு இருட்டாக இருந்தது. காப்பி வாசனை மாடிப்படி முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும் என்று யால்மரி அடுப்பே பற்றவைக்கவில்லை. ராத்திரிச் சட்டையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, சந்தையில் வாங்கிய கருப்பு சாசேஜைச் சூடு பண்ணாமல் லிங்கன்பெர்ரி ஜாமில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு சரியாக ஒட்டவில்லை.

"ஒருத்தர் வந்தாங்க தெரியுமா? பத்திரிகையே படிக்காத ஆள் போல. பெல் மேல பெல். நான் மூச்சுவிடணுமே! அப்படியே நின்னேன், ஆணியடிச்ச மாதிரி."

"யாரு?"

"யாருக்குத் தெரியும்! யாராவது ஏஜென்ட்டா இருக்கும். விடவே இல்லை. அப்புறம் அந்தக் குழந்தை கடிதம் போடுற ஓட்டையைத் தள்ளி..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஹெல்வியின் கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எந்தக் குழந்தை, யால்மரி?"

அவர் சாசேஜைத் தட்டில் வைத்தார். அதைக் கத்தியால் ஓரத்துக்குத் தள்ளினார். மறுபடி நடுவுக்குத் தள்ளினார்.

"ஏஜென்ட் குழந்தையைக் கூட்டிட்டா வருவான்?"

"உன்னோட குரல் அதுக்கு" என்றார் யால்மரி. "அச்சு அசலா உன்னோட குரல். ஓட்டை வழியா எட்டிப் பார்த்து, 'அம்மா, உள்ளே ஒருத்தரோட கால் தெரியுது'ன்னுச்சு."

"சிர்க்கா என்ன சொன்னா?"

"'யாரும் இல்லை. ஊருக்குப் போயிருக்காங்கன்னு எதிர்வீட்ல சொல்றாங்களே, வா'ன்னா."

ஹெல்வி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தெரியாமல் திறக்காமல் இருந்திருந்தால் அவரை மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும். அந்தச் சுலபமும் போய்விட்டது.

"தெரிஞ்சுமா?"

"கைப்பிடியில கை வெச்சேன் ஹெல்வி. சத்தியமா வெச்சேன். ஆனா என்னைப் பாரு. இருட்டுல, ராத்திரிச் சட்டையில, வாய் நிறைய சாசேஜ். ஊர்ல இல்லைன்னு நாடு முழுக்கச் சொல்லிட்டு, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்கற கிழவன். ஆறு வருஷம் கழிச்சு அவ முன்னாடி இப்படியா நிக்கறது?"

"திட்டியிருப்பா. திட்டட்டுமே!"

"திட்ட மாட்டா. அதுதான் கஷ்டம். ஒண்ணும் சொல்லாம பார்ப்பா. அவளோட கவிதை மாதிரி, பாதியில நிறுத்திட்டுப் பார்ப்பா."

"அதான் நீ வழக்கம்போல நீயே முடிச்சு வெச்சுட்ட" என்றாள் ஹெல்வி.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று அவளுக்குத் தெரிந்தது. யால்மரியின் உதடுகள் மட்டும் அசைந்தன. சாவு வீட்டுக்கு வரி தேடும்போது அப்படித்தான் அசையும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு வரி கிடைக்கவில்லை.

ஹெல்விக்குத் தன் பங்கும் நினைவுக்கு வந்தது. விறகுக் கொட்டகை, சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், 'வடக்கே' என்ற பொய். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

"திரும்பிப் போற ரயில் சாயங்காலம்தான். குழந்தைக்குச் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்துட்டு இங்கேதான் எங்கயாவது சுத்திட்டிருப்பா. நாம போகலாம். பெரிய தெரு வழியா."

"யாராவது பார்த்தா?"

"யால்மரி!"

"சரி, சரி. கோட்டு எங்கே?"

எழுபது வயதுக்கு அவர் வேகமாகத்தான் உடுத்தினார். பொத்தானை மாற்றிப் போட்டார். ஹெல்வி கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "என்ன சொல்றது அவகிட்ட?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணும் சொல்லாதே. அவளைப் பேச விடு" என்றாள் ஹெல்வி. கதவைத் திறந்தார்.

மாடிப்படி முழுக்க மனிதர்கள்.

முன்வரிசையில் அச்சுத் தொழிலாளர் பாடகர் குழு, கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக. அவர்களுக்குப் பின்னால் பாதிரியார், சந்தையில் சாசேஜ் விற்கிறவர், வங்கி மேலாளர், பெயர் மறந்துபோன இரண்டு கவிஞர்கள். எல்லோருக்கும் முன்னால் லெம்பி, கையில் பூங்கொத்து.

"பாருங்க, பாருங்க! வந்ததும் வராததுமா, கோட்டைக்கூடக் கழட்டலை!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவங்க கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னுதான் நாம நேரம் கொடுத்தோம்."

யால்மரி வாயைத் திறந்தார். அதற்குள் குழுத் தலைவர் ஒரு சுருதி கொடுத்துவிட்டார்.

தனக்காகப் பாடும்போது ஒருவர் நகரக் கூடாது. நிமிர்ந்து நிற்க வேண்டும்; கடைசி வரி வரை கேட்க வேண்டும்; பிறகு கைகுலுக்க வேண்டும். நடுவில் நகர்கிறவன் கல்யாணத்தில் கல்லெறிந்தவனுக்குச் சமம். யால்மரி தொப்பியை மார்போடு அணைத்தபடி நின்றார். ஒரு பாட்டு முடிந்தது. அவர் ஒரு காலை முன்னால் வைத்தார். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது.

ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்த மனிதரின் வீட்டுக்குள் ஊர் முழுக்க நுழைந்தது. குளியல் தொட்டியில் மறுபடி கோட்டுகள். லெம்பி தானே அடுப்பைப் பற்றவைத்து, தானே காப்பி போட்டு, தான் கொண்டுவந்த கேக்கை வெட்டினாள். அவள் கணவர் பேச எழுந்தார். "நம் ஊரின் துக்கங்களுக்குச் சொல் கொடுத்தவர்" என்று அவர் ஆரம்பித்தபோது ஹெல்வி திடுக்கிட்டாள். மலர்வளைய வரிகள் யாருடையவை என்று எல்லோருக்கும் எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது. யாரும் அதை அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

யால்மரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உருகிட்டார் மனுஷன்" என்று சாசேஜ்காரர் காதோடு காதாகச் சொன்னார். அந்தக் கண்கள் பேச்சாளரின் தலைக்கு மேலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஹெல்வி மட்டும்தான் கவனித்தாள்.

பாடகர் குழு மூன்றாவது பாட்டுக்குத் தொண்டையைச் செருமியபோது நடையில் தொலைபேசி மணி அடித்தது. ஹெல்வி கோட்டுகளையும் முதுகுகளையும் தள்ளிக்கொண்டு போய் எடுத்தாள்.

"அம்மா?"

பின்னால் ரயில் நிலையத்தின் இரைச்சல்.

"சிர்க்கா! எங்கே இருக்க? நான் காலையில..."

"நீ வீட்லதான் இருக்கியா? சும்மா அடிச்சுப் பார்த்தேன். யாரும் எடுக்க மாட்டீங்கன்னு நினைச்சு..." அவள் பேச்சு நின்றது. அறைக்குள் இருபது ஆண்குரல்கள் ஒன்றாக எழுந்து சன்னல் கண்ணாடியை அதிர வைத்தன. யாரோ கைதட்டினார்கள். யாரோ கேக் கேட்டார்கள்.

"அங்கே என்னம்மா சத்தம்?"

எதைச் சொன்னாலும் அது இன்றைய பொய்களில் இன்னொன்றாகத்தான் கேட்கும்.

"ஓ" என்றாள் சிர்க்கா. "எங்களுக்கு மட்டும்தான் ஊர்ல இல்லையா."

"இல்லடி, கேளு, அவர் கோட்டுப் போட்டுக்கிட்டு உன்னைப் பார்க்கத்தான்..."

மறுமுனையில் குரல் இல்லை. ஆனால் தொலைபேசி வைக்கப்படவும் இல்லை. நிலையத்து அறிவிப்பு கேட்டது; ஏதோ உரசும் சத்தம் கேட்டது. ஹெல்வி திரும்பிப் பார்த்தாள். தலைகளுக்கு அப்பால் யால்மரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொலைபேசியை உயர்த்திக் காட்டினாள்.

யால்மரி நகர்ந்தார்.

பாட்டின் நடுவில், முன்வரிசையைப் பிளந்துகொண்டு, குழுத் தலைவரின் தோளில் இடித்துக்கொண்டு அவர் வந்தார். பாட்டு இரண்டு குரல்களில் தடுமாறி, மற்றவற்றில் தொடர்ந்தது. லெம்பியின் வாய் திறந்தபடி நின்றது. அவர் தொலைபேசியை வாங்கி, மறுகாதைத் தொப்பியால் பொத்திக்கொண்டார்.

"சிர்க்கா?"

"அம்மா டிக்கெட் வாங்கப் போயிட்டா" என்றது ஒரு சின்னக் குரல். அவர் காதிலிருந்து வழிந்து அது ஹெல்விக்கும் கேட்டது. "நீங்க யாரு?"

அவர் உதடுகள் அசைந்தன. ஹெல்வி அவர் கையைப் பிடித்தாள். அழகான ஒரு பதிலை மனிதர் தேடுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் தேடவில்லை.

"கதவுக்கு உள்ளே நின்னவன்" என்றார் யால்மரி.

மறுமுனையில் ரயில் நடைமேடைக்குள் நுழையும் இரைச்சல் பெருகியது.

"அப்ப ஏன் திறக்கலை?"